50 மீற்றர் பிரீஸ்டைல்: கிளிநொச்சிப் பிள்ளை ஒண்டை சர்வதேச மட்டம் வரை கொண்டுபோக என்ன வேணும்?

தண்ணீரூற்றான்:

வணக்கம் உறவுகளே. மகளுக்கு 14 வயது முடிஞ்சுது. 25 மீற்றர் தடாகத்தில 50 மீற்றர் பிரீஸ்டைல் 30.4 செக்கன், ஸ்டொப் வோச்சில எடுத்த நேரம். கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் தடாகம் கிடைக்குது. பயணம், ரியூசன், பள்ளிக்கூடம் எல்லாம் சேர அதுக்கு மேலே இழுக்க ஏலாது. 400, 800 எண்டால் பிள்ளைக்கு மனமில்லை. குறுந்தூரத்தில வலு விருப்பம்.

எனக்குத் தெரியவேண்டியது இவ்வளவும்தான். மூன்று மணித்தியாலத்தில ஒரு குறுந்தூர வீராங்கனையை வளர்க்க ஏலுமா? மிச்ச நாளில குளத்தில நீந்த விடலாமா? சர்வதேசப் போட்டி எண்டால் என்ன நேரம் வேணும், எந்த வழியால போறது? கடையில புரோட்டீன் மா வாங்கிக் குடுக்கச் சொல்லி ஒருத்தர் சொல்லுறார், அது சரியா? விஷயம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

குளக்கட்டு:

அண்ணை, நீச்சல் எண்டவுடனே எங்கட சனத்துக்கு பாக்கு நீரிணைதான் கண்ணுக்கு முன்னால வரும். 1954 இல் நவரத்தினசாமி, 1971 இல் போய்த் திரும்பி வந்த குமார் ஆனந்தன். அது மணிக்கணக்கில தாக்குப்பிடிக்கிற நீச்சல். 50 மீற்றர் அதுக்கு நேரெதிர். அதனாலதான் தடாக நேரம் குறைஞ்ச இடத்திலயும் இதுக்கு ஒரு வழி இருக்கு. 800 மீற்றருக்கு ஆளை வளர்க்க மூன்று மணித்தியாலம் காணவே காணாது. 50 க்கு, ஒவ்வொரு நிமிசத்தையும் எண்ணிச் செலவழிச்சால், நல்ல தூரம் போகலாம்.

இதே 50 மீற்றர் பிரீஸ்டைலில அவுஸ்திரேலியாவின் கமரன் மெக்எவோயைப் பாருங்கோ. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு கொஞ்சக்காலம் ஒதுங்கியிருந்திட்டு, தடாகத்தில நீந்துற தூரத்தைப் பல மடங்கு குறைச்சு, தரைப் பலப் பயிற்சியைக் கூட்டித் திரும்பி வந்தவர். 2023 இல் உலக சம்பியன், 21.06. 2024 பாரிஸில் 30 வயதில ஒலிம்பிக் தங்கம், 21.25.

முதலில ஓட்டத்தைத் துண்டு துண்டா வெட்டி அளவுங்கோ. 15 மீற்றர் குறியில பக்கவாட்டா நிண்டு போனில வீடியோ எடுங்கோ. 60 பிரேம் வைச்சால் ஒரு படம் 0.017 செக்கன், அந்தத் துல்லியம் காணும். பாய்ஞ்சதில இருந்து தலை 15 ஐத் தாண்டும் வரை ஒரு நேரம், 15 இல இருந்து சுவர்த் திருப்பத்துக்கு முன்னால வரை ஒரு நேரம், திரும்பினதுக்குப் பிறகு 35 இல இருந்து 45 வரை ஒரு நேரம். எந்தத் துண்டில நேரம் வழியுது எண்டு தெரியாமல் எந்தப் பயிற்சியும் குடுக்கக் கூடாது.

அடுத்தது கைவீச்சு. வலம் இடம் சேர்ந்து ஒரு சுற்று. மூன்று சுற்றுக்கு எவ்வளவு நேரம் எண்டு எடுங்கோ. 3.6 செக்கன் எண்டால் ஒரு சுற்று 1.2, நிமிசத்துக்கு 50 சுற்று. அதே இடத்தில 10 மீற்றரை 6.2 செக்கனில கடந்தால் வேகம் செக்கனுக்கு 1.61 மீற்றர், ஒரு சுற்றுக்குப் போற தூரம் 1.93. இப்ப பிள்ளையிட்ட "கெதியாக் கையைப் போடு" எண்டு கத்தினால் என்ன நடக்கும்? சுற்று 54 க்கு ஏறும், ஆனால் கை தண்ணியைப் பிடிக்காமல் வழுக்கி ஒரு சுற்றின் தூரம் 1.75 க்கு இறங்கினால் 10 மீற்றருக்கு 6.35 செக்கன். கூடக் களைச்சு, குறைய வேகம். அதே 54 இல 1.85 ஐக் காப்பாத்தினால் 6.0. பயிற்சி முழுக்க இந்த ரெண்டு இலக்கத்துக்கும் இடையிலதான் நடக்குது. சுற்றைக் கிழமைக்கு ஒண்டு ஒண்டாத்தான் ஏத்தோணும். தூரம் விழுந்தால் அந்த இடத்திலயே நிண்டு கையைத் திருத்தோணும்.

ஒரு மணித்தியாலத்தை இப்படிப் பிரிக்கலாம். 400 மீற்றர் அளவில உடம்பைச் சூடாக்கல், 12 நிமிசம். பிறகு மேடையில இருந்து 15 மீற்றர் பாய்ச்சல் 6 தரம், ஒவ்வொண்டுக்கும் இடையில 2 நிமிசம். அதுக்குப் பிறகு சுவரில உதைஞ்சு 25 மீற்றர் முழு வேகம் 4 தரம், இடையில 3 நிமிசம். மிச்சத்தில பலகை பிடிச்சுக் கால் உதை 25 மீற்றர் 6 தரம், கடைசியா 200, 300 மீற்றர் ஆறுதலா. மூன்று நிமிசம் நிற்கேக்க பாக்கிறவைக்கு பிள்ளை சும்மா நிற்கிற மாதிரித்தான் தெரியும். தசையில உடனடிச் சக்திக்கு இருக்கிற கையிருப்பு முழு வேகத்தில ஏறத்தாழ 10 செக்கனில வடிஞ்சிடும். அது பெரும்பாலும் திரும்ப நிரம்பத்தான் அந்த மூன்று நிமிசம். ஓய்வைக் குறைச்சால் பிள்ளை பழகிறது வேகத்தை இல்லை, களைச்ச நீச்சலை. 15 மீற்றரை 8.0 இல கடக்கிற பிள்ளை 8.25 க்கு வந்திட்டால் அந்தப் பகுதியை அண்டைக்கு நிப்பாட்டுங்கோ.

பாய்ச்சலுக்கு முன்னம் ஒரு விஷயம்: ஆழத்தைப் பாருங்கோ. மேடை வைச்ச தடாகத்தில சுவரில இருந்து 1 மீற்றர் முதல் 6 மீற்றர் வரைக்கும் ஆகக் குறைஞ்சது 1.35 மீற்றர் ஆழம் இருக்கோணும் எண்டது சர்வதேச விதி. அதுக்குக் குறைஞ்ச பக்கத்தில தலைகீழாப் பாய விடவே கூடாது, கழுத்தெலும்பு போகும். பாய்ச்சலில நான் கூடக் காணுற பிழைகள்: தலையை நிமித்தி முன்னால பாக்கிறது, கை போன ஓட்டையாலேயே இடுப்பும் காலும் போகாமல் வயிறு தட்டுறது, தண்ணிக்குள்ள போனவுடனேயே உதைக்கத் தொடங்கிறது. பாய்ச்சலில கிடைச்ச வேகம்தான் முழு ஓட்டத்திலயும் ஆகக் கூடின வேகம். அது இறங்கத் தொடங்கேக்கதான் டொல்பின் உதை, அதாவது ரெண்டு காலையும் சேர்த்து உதைக்கிறது. அவசரப்பட்டு உதைச்சால் அந்த வேகத்தை நாங்களே முறிக்கிறம். மேல வந்து முதல் கைவீச்சிலயே மூச்செடுக்கிறதும் அப்படித்தான். முதல் நாலு கைக்கு மூச்சு வேண்டாம்.

முல்லைக்கடல்:

குளக்கட்டு அண்ணா சொன்ன அளவீட்டு முறை அருமை. ஆனால் மெக்எவோய் உதாரணத்தை 14 வயதுப் பிள்ளைக்குப் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். அவர் தூரத்தைக் குறைத்தது பல வருட முழுப் பயிற்சிக்குப் பிறகு. 2016 இலேயே 100 மீற்றரை 47.04 இல் நீந்தியவர். அந்த அடித்தளம் உடம்பில் இருந்தபடியால்தான் குறைக்க முடிந்தது. எங்கள் பிள்ளைக்கு அந்த அடித்தளத்தை இனித்தான் போடவேண்டும்.

ஆகவே மூன்று நாளில் ஒரு நாளை வேகத்துக்கு வெளியே எடுத்து வையுங்கள். அன்றைக்கு 1,500 முதல் 1,800 மீற்றர்: நாலு வகை நீச்சலும் கலந்து, 100 மீற்றர்களாக, 20 செக்கன் ஓய்வோடு. அதில் மூன்றில் ஒரு பங்கு கால் உதை. கால் உதை பலமில்லாத பிள்ளைக்கு 35 மீற்றருக்குப் பிறகு இடுப்பு தாழும், உடம்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் கைவீச்சை எவ்வளவு திருத்தியும் பலனில்லை. பள்ளிக்கூடப் போட்டியில் 100 மீற்றரும் 200 மீற்றர் தனிநபர் கலப்பு நீச்சலும் கட்டாயம் நீந்தட்டும். விருப்பமில்லை என்பதற்காக விடவேண்டாம். சுவீடனின் சாரா ஸ்யோஸ்ட்ரோம் 2009 இல் 15 வயதில் உலக சம்பியனானது 100 மீற்றர் பட்டர்பிளையில். ஒலிம்பிக்கில் 50 மீற்றர் பிரீஸ்டைல் தங்கம் 2024 இல், 30 வயதில், 23.71. இடையில் 2021 தொடக்கத்தில் முழங்கை முறிந்து, அதே ஆண்டு டோக்கியோவில் 50 மீற்றரில் வெள்ளி எடுத்தவர். அமெரிக்காவின் அந்தனி எர்வின் சிட்னி 2000 இல் 19 வயதில் 50 மீற்றர் பிரீஸ்டைலில் எடுத்த தங்கத்தை ரியோ 2016 இல் 35 வயதில் திரும்ப எடுத்தார். குறுந்தூர நீச்சல் நீண்டகாலத் தொழில். 14 வயதில் பிழிந்து எடுக்க ஒரு தேவையும் இல்லை.

தோள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோளின் முன்பக்கம் கை தூக்கும்போது குத்தினால் அது "பழக்கமில்லாத வலி" என்று நீந்த விடவேண்டாம். உள்ளே தசைநார் நெரிபடுகிறது என்று அர்த்தம். உள்ளங்கையில் மாட்டி நீந்தும் கைப்பலகை, கையை விட ஒரு விரலுக்கு மேல் அகன்றது என்றால், இந்த வயதில் வேண்டாம். பழைய சைக்கிள் ரியூபை நீளமாகக் கீறி யன்னல் கம்பியில் கட்டுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பி இழுக்கட்டும். ஒவ்வொரு கைக்கும் 15 தரம், இரண்டு சுற்று, தடாகம் இல்லாத நாட்களில். அதே நாட்களில் 40 சென்ரிமீற்றர் உயரத் திண்ணையில் இரண்டு காலாலும் பாய்தல் 5 தரம் நாலு சுற்று, கம்பியில் அல்லது மாங்கொப்பில் தொங்கி உடம்பைத் தூக்குதல், பலகை போல உடம்பை நிறுத்துதல் 30 செக்கன். முழுதாகத் தூக்க முடியாவிட்டால் கதிரையில் ஏறி மேலே போய், 5 செக்கன் எடுத்து மெதுவாக இறங்கினால் போதும். மேடையில் உதைக்கும் வேகம் இந்தத் திண்ணையில்தான் கட்டப்படுகிறது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. "50 மீற்றரை மூச்செடுக்காமல் நீந்த வேண்டும்" என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகள் தனியாக மூச்சடக்கிப் பழகுவார்கள். வேகவேகமாகப் பல தரம் மூச்சு வாங்கிவிட்டு அடியில் நீந்தினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடும். மூச்சு முட்டும் உணர்வு வருவதே அந்த வாயு கூடும்போதுதான். அந்த உணர்வு வராமலே ஒட்சிசன் தீர்ந்து, தண்ணீருக்குள் நினைவு தப்பும். தட்டிக் கூப்பிட்டுப் பார்க்கும் நேரம்கூட இருக்காது. மூச்சடக்கும் போட்டி, அடிநீச்சல் பந்தயம் இரண்டையும் தடை செய்யுங்கள். மூச்சுக் குறைப்பை மேற்பரப்பில், 25 மீற்றருக்கு இரண்டு, பிறகு ஒன்று என்று, பயிற்றுநர் கண்முன்னால் பழக்கினால் போதும்.

பெண்பிள்ளை என்றபடியால் இன்னும் இரண்டு விஷயம். உடை பற்றி வீட்டில் கதை வரும். விதிப்படி பெண்களின் போட்டி உடை தோளில் இருந்து முழங்கால் வரை இருக்கலாம். முழங்கால் வரை மூடும் உடைதான் உலகப் போட்டிகளிலும் பெரும்பாலானவர்கள் போடுவது. ஆனால் துணி நெய்ததாக இருக்கவேண்டும். 2010 சனவரியில் இருந்து பொலியூரித்தேன் உடைகளுக்கு இடமில்லை. பருத்தி உடை போட்டு நீந்தவிட்டால் தண்ணீரைக் குடித்துப் பாரமாகும். மாதவிடாய் நாட்களில் பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை. மாதவிடாய்க் கப் இருக்கிறது, நோ கூடின நாளில் பயிற்சியைக் குறைக்கலாம். இதைத் தாயோ அக்காவோ ஒருவர் பிள்ளையோடு முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் பிள்ளை காரணம் சொல்லாமல் தடாகத்துக்கு வராமல் நிற்கும்.

மாங்குளம் சந்தி:

போட்டிப் பாதை பற்றி நான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 30.4 ஐ அப்படியே நம்பவேண்டாம். ஸ்டொப் வோச் நேரம் மின்னியல் நேரத்தை விடச் சாதாரணமாக 0.2 செக்கன் அளவில் குறைவாக வரும், சத்தத்தைக் கேட்டபிறகே விரல் அழுத்துகிறபடியால். மூன்று பேர் மூன்று மணிக்கூட்டில் எடுத்து நடு நேரத்தைக் கணக்கில் வையுங்கள். அடுத்து, 25 மீற்றர் தடாகத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. சுவர் உதை கூடுதல் வேகம் தரும். 50 மீற்றர் தடாகத்தில் அது இல்லை, ஆகவே முக்கால் செக்கன் அளவில் கூடும். கொழும்பு சுகததாச தடாகம் 50 மீற்றர். அங்கே இவ 31 க்கு மேல் நீந்தினால் பிள்ளை பின்னுக்குப் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். சர்வதேசத் தகுதி எல்லாம் 50 மீற்றர் தடாக நேரத்தில்தான்.

முன்னேற்றத்தை அளக்க உலக நீர்விளையாட்டுச் சம்மேளனத்தின் புள்ளிக் கணக்கைப் பழகுங்கள். உலக சாதனை நேரத்தைப் பிள்ளையின் நேரத்தால் வகுத்து, அதை மும்மடி எடுத்து, 1000 ஆல் பெருக்க வேண்டும். பெண்கள் 50 பிரீஸ்டைலுக்கு ஸ்யோஸ்ட்ரோம் 2023 இல் ஃபுகுவோகாவில் நீந்திய 23.61 ஐ அடிப்படையாக வைத்தால், 29.40 க்கு 517 புள்ளி, 28.00 க்கு 599, 26.50 க்கு 707. 29.40 இலிருந்து 28.00 க்கு 82 புள்ளி. அடுத்த ஒன்றரைச் செக்கனுக்கு 108. கீழே போகப் போக ஒவ்வொரு பத்திலொரு செக்கனுக்கும் பெறுமதி கூடும், எடுப்பதும் கடினம். வேறு வேறு நீச்சல் வகைகளை ஒப்பிட்டு எது பிள்ளையின் பலம் என்று கண்டுபிடிக்கவும் இதுதான் கருவி.

பாதை இப்படிப் போகும்: வலயம், மாகாணம், அகில இலங்கைப் பாடசாலை மட்டம், தேசிய வயதுப்பிரிவுப் போட்டிகள், பிறகு தேசிய சம்பியன்சிப். அங்கே தெரிவானால் தெற்காசியப் போட்டி, ஆசியப் போட்டி, பொதுநலவாயப் போட்டி, உலக சம்பியன்சிப். ஒலிம்பிக்குக்கு இரண்டு கதவு. பாரிஸ் 2024 இல் பெண்கள் 50 மீற்றருக்கு நேரடித் தகுதி நேரம் 24.70, ஆண்களுக்கு 21.96. இடம் மிஞ்சினால் மட்டும் அழைக்கப்படும் இரண்டாம் நிலைத் தகுதி நேரம் 24.82 உம் 22.07 உம். இதை எட்டாத நாடுகளுக்கு ஒரு ஆண், ஒரு பெண் என்ற உலகளாவிய இட ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் நாட்டின் கைல் அபேசிங்கவும் கங்கா செனவிரத்னவும் பாரிஸுக்குப் போனது அந்த வழியால். ஆனால் அதற்கு முந்தைய உலக சம்பியன்சிப்பில் நீந்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஆகவே உண்மையான வாசல் உலக சம்பியன்சிப் தெரிவுதான். அதில் புள்ளி பேசும்.

இன்னொரு முக்கிய மாற்றம்: லொஸ் ஏஞ்சல்ஸ் 2028 முதல் பட்டர்பிளை, பக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக் மூன்றிலும் 50 மீற்றர் ஒலிம்பிக் போட்டியாகிறது. அதனால் முல்லைக்கடல் அக்கா சொன்ன மாதிரி நாலு வகையும் பழகுவது நல்ல வாய்ப்பு. பிரீஸ்டைல் 50 உலகத்திலேயே நெரிசல் கூடின பாதை.

கொழும்புப் போட்டிக்கு ஏ9 வழியே இரவு பஸ்ஸில் போய்க் காலையில் நீந்த விடாதீர்கள். எட்டு மணித்தியாலம் கால் தொங்கி இருந்தால் கால் கனக்கும், பாய்ச்சல் விழும். இரண்டு இரவு முன்னதாகப் போய், முதல் நாள் அந்தத் தடாகத்திலேயே சூடாக்கலுக்கு இறங்கட்டும். மேடையில் பின்னால் சாய்வான உதைபலகை இருக்கும், ஐந்து நிலை. தட்டையான மேடையில் மட்டும் பழகிய பிள்ளை அதில் தடுமாறும். பின்கால் முழங்கால் ஏறத்தாழ 90 பாகையில் மடியும் நிலையைத் தெரிந்து, எத்தனையாவது என்று குறித்து வைக்கட்டும். மேடையில் அசைந்தால் தகுதிநீக்கம், இரண்டாம் வாய்ப்பு இல்லை. 15 மீற்றருக்குள் தலை மேலே வராவிட்டாலும் அப்படியே. கண்ணாடிப் பட்டியைத் தொப்பிக்கு உள்ளே போட்டால் பாயும்போது கழராது. முடிவில் மூச்செடுத்து ஆறுதலாகத் தொட வேண்டாம். ரியோவில் எர்வின் 21.40 இல் தங்கம், பிரான்சின் புளோரன் மனடூ 21.41 இல் வெள்ளி.

தண்ணீரூற்றான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. வீடியோ எடுத்துப் பாத்தன். 15 மீற்றர் 8.3, சுற்று 52, ஆனால் 35 க்குப் பிறகு 46 க்கு விழுது. குளமும் புரோட்டீன் மாவும் பற்றி ஆரும் சொல்லேல்லை.

குளக்கட்டு:

அண்ணை, 52 இல இருந்து 46 க்கு விழுறது பலம் குறைவில்லை, முதல் 20 மீற்றரில அளவுக்கு மிஞ்சி வாரிக் குடுக்கிறா. மேடையில இருந்து 35 மீற்றர் முழு ஓட்டம், கிழமைக்கு ஒரு நாள் மூன்று தரம், இடையில 5 நிமிசம். சுற்றை 50 இல பிடிச்சு 35 வரை கொண்டுபோகட்டும். அக்கா சொன்ன கால் உதையும் சேர்ந்தால் ரெண்டு மாதத்தில வித்தியாசம் தெரியும். அடித்தள விஷயத்தில அவ சொன்னதோட எனக்கும் உடன்பாடுதான், ஒரு நாளை அதுக்குக் குடுங்கோ.

குளம் வேண்டாம். இரணைமடுவோ முத்தையன்கட்டோ எதெண்டாலும், வன்னிக் குளங்களில முதலை இருக்கு. துருசுப் பக்கம் உறிஞ்சும், வான் பாயுற காலத்தில கலிங்குப் பக்கம் இழுக்கும், தாமரைக்கொடி காலைச் சுத்தும். காயத்தோட இறங்கினால் எலிக்காய்ச்சல். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, கலங்கல் தண்ணியில கோடு தெரியாமல் பிள்ளை தலையைத் தூக்கி நீந்தப் பழகிடும், தலை தூக்கினால் இடுப்பு தாழும். கிழமை முழுக்கத் தடாகத்தில திருத்தினது ஒரு நாளில கெட்டுப்போம். கார்த்திகை, மார்கழிக் கடலுக்கும் அதே பதில்தான். அந்த நாளுக்கு ரியூபும் திண்ணையும் காணும்.

முல்லைக்கடல்:

புரோட்டீன் மா வாங்க வேண்டாம், அண்ணா. அடைத்து விற்கும் ஊட்டப்பொருட்களில் லேபிளில் இல்லாத தடை மருந்து கலந்து வருவது உலகம் முழுக்க அறிந்த சிக்கல். பரிசோதனையில் அகப்பட்டால் "தெரியாமல் குடித்தேன்" என்பது பிள்ளையை முழுதாகக் காப்பாற்றாது, உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளுக்கு 75 முதல் 80 கிராம் புரதம் போதும். முட்டை ஒன்றில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 க்கு மேல், அவித்த பருப்பு 100 கிராமில் 9. இரண்டு முட்டை, இரண்டு நேரம் மீன், பருப்பு, பால், தயிர், பயறு, உளுந்து என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே வந்துவிடும். முருங்கையிலை, கீரையோடு மீன் அல்லது இறைச்சியும் சேரட்டும். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து குறைந்தால் முதலில் விழுவது பயிற்சிக்குப் பிறகு தேறும் வேகம்தான். நேரம் நின்றுபோய்ப் பிள்ளை வெளிறிக் களைத்தால் ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பாருங்கள்.

போட்டி நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு முன் இடியப்பமும் பருப்பும், தேங்காய்ப்பால் கூடின சொதி வேண்டாம், வயிற்றில் நிற்கும். ஒரு மணித்தியாலத்துக்கு முன் ஒரு வாழைப்பழம். இருமல் பாணி, மூக்கடைப்புக் குளிசை எதையும் தேசிய மட்டத்துக்குப் போனபிறகு கேட்காமல் கொடுக்காதீர்கள். சிலவற்றில் போட்டி நாளில் தடை செய்யப்பட்ட மருந்து இருக்கும். பிள்ளைக்கு இழுப்பு இருந்து சல்பியூட்டமோல் பம் பாவித்தால் அதற்கும் அளவு வரம்பு உண்டு, 24 மணித்தியாலத்துக்கு 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணித்தியாலத்திலும் 600 ஐத் தாண்டக் கூடாது. வைத்தியரின் துண்டை இப்போதிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.